ஆள்காட்டிக்கு ஒரு வக்கீல்

வேலை செய்யும் இடத்தில் கண்ட முறைகேட்டைப் புகாராக எழுதிய ஒருவரைப் பற்றிய இதை எழுதுவதற்கு முன்பு, அவரைத் தேடிச் சென்று அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் குமஸ்தா. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதே பூட்டு குமஸ்தாவின் வாய்க்கும் உண்டு என்பதை வக்கீல்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 126, 127 ஆகிய பிரிவுகளில் இருந்த அந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் 132-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தப் பூட்டு திறக்காது. கட்சிக்காரர் சம்மதித்தால்தான் திறக்கும். அவர் சம்மதித்தார். பெயரும் ஊரும் ஆண்டும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இதில் பின்னால் வரும் மற்ற இரு கட்சிக்காரர்களைப் பற்றி எழுதுவதற்கும் அதே நிபந்தனையில்தான் சம்மதம் கிடைத்தது.

அவர் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில். குடையைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்து கொண்டுவந்திருந்த காகிதங்களை என் மேசையில் வைத்தார். ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை. நகைக்கடன் பேரேட்டைப் பதிவு செய்யும்போது, இறந்துபோன ஒரு உறுப்பினரின் பெயரில் புதிதாக ஒரு நகைப் பொட்டலம் அடகு வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கிறார். பிறகு பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தபோது வளைகுடா நாட்டில் இருப்பவர்களின் பெயரிலும் கடன்கள் இருந்தன. அவர்கள் ஊருக்கு வந்துபோன தேதிகளுக்கும் கையெழுத்துத் தேதிகளுக்கும் பொருத்தமே இல்லை. ஒரு திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தார். மனுவில் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண், சங்கத்தில் வகிக்கும் பதவி எல்லாம் இருந்தன. பேரேட்டின் பதினொரு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தார்.

பதினெட்டாவது நாள், சங்கச் செயலாளர் அவரைத் தமது அறைக்கு அழைத்து, அந்த மனுவின் நகலை மேசையில் விரித்து வைத்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கச் சொன்னாராம். அடுத்த வாரம் மெமோ. அதற்கடுத்த வாரம் சஸ்பென்ஷன். எங்களிடம் வந்தது அதன் பிறகுதான்.

எங்கள் வக்கீல் ஐயா காகிதங்களைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, பெட்டிசன் எழுதுறதுக்கு முந்தி யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

"அப்பாகிட்ட கேட்டேன் சார். உள்ளதைச் சொல்லியதுக்கு எதுக்குப் பயப்படணும்ணு சொன்னாரு."

வக்கீல் ஐயா பதில் சொல்லவில்லை. அந்த அப்பா சொன்னதில் தவறு கண்டுபிடிக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

மனு எப்படிச் செயலாளரின் மேசைக்கு வந்தது என்பதை விசாரித்துப் பார்த்தோம். ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ கையூட்டு வாங்கிக்கொண்டு நகலைக் கொடுத்திருப்பார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கணினியில் பதிவாயிற்று, கூட்டுறவு சம்பந்தப்பட்டது என்பதால் இணைப்பதிவாளருக்குப் போயிற்று, அங்கிருந்து துணைப்பதிவாளருக்கு, அங்கிருந்து, 'மனுவின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, உரிய விளக்கம் அளிக்கவும்' என்ற வழக்கமான முகப்புக் கடிதத்துடன் சங்கத்துக்கு. குடிநீர்க் குழாய் உடைந்த மனுவும் பட்டா மாறுதல் மனுவும் போகிற அதே வழியில், அதே முத்திரைகளோடு, இந்த மனுவும் போயிருக்கிறது. ஒருவரும் விதியை மீறவில்லை. யார்மீது புகாரோ அவரிடமே விளக்கம் கேட்பதுதான் நமது அலுவலகங்களின் பழக்கம், அந்தப் பழக்கத்துக்கு மனுதாரரின் பெயரை மறைக்கத் தெரியாது.

சத்யேந்திர துபேயின் கதையை நான் பிற்பாடு படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பதினெட்டு நாள்கள்தான். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த அவர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தமது பெயரை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அதிகாலையில் பீகார் மாநிலம் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் பின்னர் அதை வழிப்பறிக் கொலை என்ற அடிப்படையில் மூவரைத் தண்டித்தது; அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதர் எழுத்தில் கேட்ட ஒரே ஒரு பாதுகாப்பைக் கொடுக்க இந்த நாட்டில் ஒரு முறை இருக்கவில்லை என்பதுதான் என் கவலை.

இப்படிப்பட்டவர்களைக் குறிக்க நம்மிடம் ஒரு நல்ல சொல்கூட இல்லை. செய்தித்தாள்கள் 'ஊழலை அம்பலப்படுத்துவோர்' என்று எழுதுகின்றன. நீதிமன்ற வராந்தாவில் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. அங்கே புழங்குகிற சொற்கள் கோள்சொல்லி, பெட்டிசன் பார்ட்டி, காட்டிக்கொடுத்தவன் என்பவை. எல்லாவற்றிலும் ஒரு துப்பல் இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல் ஆள்காட்டி. தேரூர்க் குளத்தின் கரையிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் அந்தக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். மனித நடமாட்டம் தெரிந்தால் தொண்டை கிழியக் கத்திச் சுற்றுவட்டாரத்தையே எழுப்பிவிடும். அது முட்டையிடுவதோ மரத்தில் அல்ல, வெட்டவெளித் தரையில், நான்கு கூழாங்கற்களுக்கு நடுவே.

துபேயின் கொலைக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கின் அழுத்தத்தில், 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலத்துக்காகத் தகவல் வெளிப்படுத்துவோரின் புகாரைப் பெற்று, அவர்களின் அடையாளத்தைக் காக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அது கொடுத்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பி.ஐ.டி.பி.ஐ. தீர்மானம் என்று அதை அழைப்பார்கள். சட்ட ஆணையம் இதற்கென ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று தனது 179-ஆவது அறிக்கையில் 2001-லேயே, அதாவது துபே கடிதம் எழுதுவதற்கு முன்பே, பரிந்துரைத்திருந்தது. அந்தச் சட்டம் 2011 டிசம்பரில் மக்களவையிலும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்த ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளிப்படுத்துகிற அதிகாரிக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. புகார் கொடுத்தவர் பழிவாங்கப்பட்டதாகச் சொன்னால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை அலுவலகத்தின் தலையில் விழும். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்பதும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மொட்டைப் பெட்டிசன்களால் குடும்பம் சிதைந்த நேர்மையான அதிகாரிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த அறிவிப்பு வரவே இல்லை. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2015-இல் ஒரு திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் கிடந்து காலாவதியாயிற்று. பொட்டலம் கட்டி, முத்திரை வைத்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்ட நகை போலத்தான் அது இருக்கிறது. ரசீது நம் கையில், திறவுகோல் வேறு எங்கேயோ.

2004-ஆம் ஆண்டுத் தீர்மானம் இப்போதும் உயிரோடு இருக்கிறது என்பது உண்மை. அது மத்திய அரசு ஊழியர்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றைப் பற்றிய புகார்களுக்கு மட்டுமே. நமது மாவட்டத்தில் ரயில்வேயைப் பற்றியோ மணவாளக்குறிச்சி மணல் ஆலையைப் பற்றியோ ஒருவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அந்த வாசல் திறக்கும். கிராம நிர்வாக அலுவலகம், ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், ரேஷன் கிடங்கு, கனிமவளத் துறை என்றால் திறக்காது. சாதாரண மனிதர்கள் தினமும் படியேறுவதோ இரண்டாவது வகை அலுவலகங்களில்தான்.

மாநில எல்லைக்குள் மிஞ்சுவது சின்னச் சின்னப் பூட்டுகள். ஒரு குற்றத்தைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று காவல் அதிகாரியைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு, ஒருவரின் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடிய அல்லது இரகசியமாகத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தகவலை மறுக்க இடம் தருகிறது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையிலான குழு, காவல்துறையின் அச்சுறுத்தல் அறிக்கையைப் பார்த்து, ஒரு நேரத்தில் மூன்று மாதம் வரை பாதுகாப்பு வழங்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் அது சாட்சிகளுக்கு. முதல் தகவல் அறிக்கையே பதியப்படாத நிலையில் நிற்கிற ஒருவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் சாட்சி ஆகவில்லை. ஆபத்து மிகுந்திருப்பதோ அந்த இடைவெளியில்தான்.

மலையைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை வட்டங்களில் பாறை உடைபடும் ஓசையும், களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகளும் நமக்குப் புதியவை அல்ல. அவற்றில் அனுமதியோடு போவது எது, அனுமதி இல்லாமல் போவது எது என்பது லாரிக்குப் பின்னால் போகிறவருக்குத் தெரியாது. நடைச்சீட்டு எழுதுகிறவருக்கும் எடை மேடையில் நிற்கிறவருக்கும் தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அரை மணி நேரம் மழையையும் ரப்பர் விலையையும் பற்றிப் பேசிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலேயே எழுந்து போனதுண்டு. அவர்களைக் குறை சொல்ல என்னால் ஆகாது. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தமது அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் அள்ளியதைப் பற்றி அவர் காவல்துறையில் புகார் கொடுத்திருந்தார். குற்றவாளிகள் இருவருக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது என்பது நமது நீதிமன்றங்களுக்கு அரிதான வேகம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார்; அவர் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்தவர். ஒருவர் அரசு அலுவலர், மற்றவர் முன்னாள் கவுன்சிலர். ஊரில் முகம் தெரிந்தவர்களுக்கே இதுதான் நிலை.

எழுத்தருக்குத் திரும்புகிறேன். சஸ்பெண்டான ஊழியருக்கு வக்கீல் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மதுரைக் கிளையில் ரிட் போடலாமே என்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் மீது பொதுவாக ரிட் நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2006-லேயே சொல்லிவிட்டது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 153-ஆவது பிரிவில் சீராய்வு மனுப் போடலாம். அது போய்ச் சேரும் இடம், அவருடைய பெட்டிசனைச் செயலாளருக்கு அனுப்பிவைத்த அதே துறை. ஆகவே வக்கீல் ஐயா முதலில் வயிற்றுப்பாட்டைப் பார்த்தார். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி, சஸ்பென்ஷனில் முதல் 90 நாள்களுக்குச் சம்பளத்தில் பாதியும், அடுத்த 90 நாள்களுக்கு முக்கால் பங்கும், அதற்கு மேல் முழுச் சம்பளமும் தர வேண்டும். சங்கம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. ஒரு பதிவுத் தபாலில் அந்தப் பணம் வந்தது. நேர்மைக்காக நின்ற மனிதர்களில் பலர் மூன்றாவது மாதத்தில் தளர்வது அச்சுறுத்தலால் அல்ல, பள்ளிக் கட்டணத்தால் என்பது என் அனுபவம்.

அடுத்தது உள்விசாரணை. நிர்வாகம் நடத்தும் விசாரணையில் ஊழியர் வக்கீலை அழைத்துவர உரிமை கிடையாது. உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். செயலாளருக்கு எதிராகத் துணைக்கு வர அந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்த ஒருவர் வாதாட உட்கார்ந்தால், ஊழியருக்கும் வக்கீல் மறுக்கப்படக் கூடாது என்று 1983-இல் பம்பாய்த் துறைமுக அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சங்கம் தன் தரப்புக்கு ஓய்வுபெற்ற ஒரு சட்ட அலுவலரை அமர்த்தியிருந்தது. அந்த ஒரு தவறுதான் எங்களுக்கு வாசல். வக்கீல் ஐயா அந்த விசாரணை அறைக்குள் நுழைந்த அன்று, விசாரணை அதிகாரி நாற்காலியை நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

பதினான்கு மாதம் ஆயிற்று. இதற்கிடையே துறை கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவின் கீழ் விசாரணை நடத்திப் போலிக் கடன்களை உறுதிசெய்தது. 87-ஆவது பிரிவின் கீழ்ச் செயலாளரிடமிருந்து இழப்பை வசூலிக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. எழுத்தர் மீண்டும் வேலையில் சேர்ந்தார். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டும் நிரூபணமாகிவிட்டதாகச் சொல்லி, ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அனுமதி இல்லாமல் சங்கப் பதிவேட்டைப் படியெடுத்தார் என்பதே அந்தக் குற்றம். அந்தப் பதினொரு பக்கங்கள் இல்லாவிட்டால் விசாரணையே தொடங்கியிருக்காது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் குற்றம் குற்றமே என்று எழுதியிருந்தார்கள்.

அவர் பெட்டிசன் எழுதுவதற்கு முன்பு எங்களிடம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வக்கீல் ஐயா பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். ஜெராக்ஸ் எடுக்க விட்டிருக்க மாட்டார். பக்க எண், கடன் எண், தேதி ஆகியவற்றை மட்டும் மனத்தில் வாங்கி வீட்டில் எழுதச் சொல்லியிருப்பார், மூலப் பதிவேட்டை வரவழைப்பது விசாரிக்கிறவரின் வேலை. புகாரை எழுத்தருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு விவரமும் இல்லாதபடி எழுதியிருப்பார். பெயரை மறைத்தால் போதாது. எழுத்து நடையும் தகவலின் வரிசையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இறந்தவரின் வாரிசு ஒருவரை உறுப்பினர் என்ற முறையில் தம் குடும்பக் கணக்கைக் கேட்க வைத்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவைத் திங்கட்கிழமை வரிசைக்கு அனுப்பியிருக்கவே மாட்டார்.

இங்கிலாந்தில் 1998-இல் இயற்றிய பொதுநல வெளிப்படுத்தல் சட்டத்தில், சட்ட ஆலோசனை பெறுவதற்காக வக்கீலிடம் சொல்வதையே பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, தவறைக் கண்டவர் எடுத்து வைக்கும் முதல் அடி வக்கீல் வீட்டுப் படியாக இருக்கலாம் என்று அந்தச் சட்டம் எதிர்பார்க்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் நமது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளோர் பட்டியலிலும் தகவல் வெளிப்படுத்துவோர் என்று தனி இனம் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் பார்க்காமல் தகுதி பெறுகிறார்கள் என்பதால், வருகிறவர்களில் பாதிப் பேரை நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டிவிட முடிகிறது. இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணை நான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்கூட்டியே வந்தவர் ஒருவரும் உண்டு. தனியார் முந்திரி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிய அக்கா. தொழிலாளர் பெண்களின் கூலியில் வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்த பணம் பல மாதங்களாகக் கட்டப்படவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். "நான் சொன்னேம்ணு தெரிஞ்சா, மறுநாளே கேட்டுக்கு வெளிய நிப்பேன் சார்," என்றார். வக்கீல் ஐயா அவரிடமிருந்து ஒரு காகிதமும் வாங்கவில்லை. ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியின் பேரனை அழைத்து, கைப்பேசியில் வைப்பு நிதி பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொன்னார். கூலிச்சீட்டில் பிடித்தம் இருக்கிறது. பாஸ்புக்கில் வரவு இல்லை. பத்து நாளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் பாஸ்புக்கைத் தாங்களே பார்த்துவிட்டார்கள். வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போன புகாரில் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கணக்கு எழுதிய அக்கா அதில் இல்லை. தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது குற்றமுறு நம்பிக்கை மோசடி என்பதால் நிர்வாகம் வேகமாகவே பணத்தைக் கட்டியது. யார் தொடங்கி வைத்தது என்று முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. ஆள்காட்டி கத்தவே இல்லை. வேறு முப்பது பறவைகள் சேர்ந்து பறந்தன.

இந்த வழி எல்லா இடத்திலும் வாய்க்காது என்பதும் தெரியும். ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாத உண்மைகள் உண்டு. அங்கே வக்கீல் நடுவில் நின்றாக வேண்டும். 2014-இல் டெல்லியில் அது நடந்தது. அப்போதைய சி.பி.ஐ. இயக்குநரின் வீட்டுக்கு வந்துபோனவர்களின் பதிவேடு உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானபோது, அதைக் கொடுத்தவர் யார் என்று மூடிய உறையிலாவது சொல்லும்படி நீதிமன்றம் கேட்டது. வழக்குத் தொடுத்த பொதுநல அமைப்பும் அதன் வக்கீல் பிரசாந்த் பூஷணும் சொல்ல மறுத்தார்கள். நவம்பர் மாதம் அந்த உத்தரவை நீதிமன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டு, 2ஜி வழக்கிலிருந்து இயக்குநரை விலகி நிற்கச் சொன்னது. பதிவேடு பேசியது, கொடுத்தவர் பேச வேண்டியிருக்கவில்லை. இப்படி நிற்க எல்லா வக்கீல்களும் துணிவார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு இந்த வராந்தாவில் இன்னும் சில ஆண்டுகள் வேலை இருக்கிறது.

லஞ்சம் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் பொறுக்காமல் வருகிறவர்களுக்காக ஒரு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் தப்பலாம். எட்டாவது நாள் வருகிறவரிடம் வக்கீல் ஐயா முதலில் கேட்பது தொகையை அல்ல, தேதியை.

சென்ற மழைக்காலத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். அவருக்கு 2004-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வாசல் திறந்திருந்தது. புகாரை எழுதி, பெயரையும் முகவரியையும் உள்ளே ஒரு தனித் தாளில் மட்டும் குறித்து, உறையை ஒட்டி முத்திரையிட்டு, மேலே பி.ஐ.டி.பி.ஐ. என்று எழுதினோம். உறையின் மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. பெயரே இல்லாத மொட்டைப் புகாரையும் ஆணையம் எடுத்துக்கொள்ளாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய வழியில்தான் நடக்க வேண்டும். ஆணையம் முதலில் புகார்தாரருக்குக் கடிதம் எழுதி, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று உறுதிசெய்துகொள்ளும். அந்தக் கடிதம் வீட்டில் யார் கையில் கிடைக்கும் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொண்டோம். அவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும் என்பதால் தபாலில் சேர்க்க நான் போனேன், அதுவும் வேறு ஊருக்கு.

கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அனுப்புநர் விலாசம் எங்க சார்? அது இல்லாம ரெஜிஸ்டர் ஆகாது."

இந்த வகைத் தபாலுக்கு அனுப்புநர் பெயரைக் கேட்கக் கூடாது என்று தபால் துறை ஏற்கனவே அறிவுறுத்தியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் அச்சுப்படியைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது, முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஒரு பாட்டி, "என்ன பிள்ளே, அதுல பேரு கிடையாதா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி," என்றேன். போஸ்ட் மாஸ்டர் வெளியே வந்து ஒருமுறை என்னையும் ஒருமுறை உறையையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தப் பெண் கணினியில் அனுப்புநர் என்ற கட்டத்தில் உறையின் மேலிருந்த ஐந்து எழுத்துகளையே தட்டிவிட்டு ரசீதை நீட்டினார்.

அலுவலகத்துக்கு வந்து அந்த ரசீதைக் கேஸ் கட்டுக்குள் வைத்தேன். கட்டின் மேலே கட்சிக்காரர் பெயர் எழுதும் இடத்தில் அந்த ஆண்டின் வரிசை எண்ணை மட்டும் எழுதி, வக்கீல் ஐயாவின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.